நல்லதை விடும் நோன்பு

சாம்பல் புதன் நெருங்கும்போதெல்லாம் எங்கள் திருச்சி பாலக்கரைப் பக்கத்தில் ஒரு கேள்வி எழும். ஒருசந்தி நோன்பு நாளில் காபி குடிக்கலாமா? கறி ஆகாது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஒரு வேளைதான் வயிறாரச் சாப்பாடு என்பதும் தெரியும். காபி என்று வந்ததும் பேச்சு இரண்டாகப் பிரிந்துவிடும். "அது சாப்பாடா என்ன, குடிக்கலாம்" என்பார்கள் பாதிப் பேர். "அதைக்கூட விடாம அப்புறம் என்ன தபசு?" என்பார்கள் மீதிப் பேர். அக்கம்பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டத்தில் இந்தப் பேச்சு வந்தால் முகங்கள் என் பக்கம் திரும்பும். அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவள் நான். உடம்பைப் பற்றியும் கோயில் ஒழுங்கைப் பற்றியும் சேர்த்துப் பதில் சொல்வேன் என்று நினைக்கிறார்கள்.

இந்தக் கேள்வியைச் சின்னக் கேள்வி என்று நான் ஒருநாளும் தள்ளியதில்லை. இதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டுமானால், நோன்பு எதற்கு, அது யாருக்காக, அதன் செலவு யார் தலையில் விழுகிறது என்பதற்கெல்லாம் பதில் சொல்லியாக வேண்டும்.

முதலில் கத்தோலிக்கத் திருச்சபையின் சட்டம். 18 வயது நிறைந்தவர்களிலிருந்து 59 வயது வரை உள்ளவர்களுக்கு ஒருசந்தி கடமை. ஆண்டுக்கு இரண்டே நாள்: சாம்பல் புதன், பெரிய வெள்ளி. பானம் நோன்பை முறிக்காது என்பது திருச்சபையில் பழைய கொள்கை. 13ஆம் நூற்றாண்டிலேயே தோமா அக்குவினார் அதை எழுதிவைத்தார். பானமும் ஓரளவு ஊட்டம் தரும். ஆனாலும் நாம் அதைக் குடிப்பது தாகத்துக்கும், உண்டது செரிப்பதற்கும்தான் என்பது அவருடைய வாதம். பிறகு அமெரிக்கக் கண்டத்திலிருந்து சாக்லேட் பானம் ஐரோப்பாவுக்கு வந்தபோது இதே தகராறு பெரிதாக வெடித்தது. கெட்டியாக, இனிப்பாக, வயிற்றை நிறைக்கும்படி இருக்கிற ஒன்றைப் பானம் என்று சொல்லித் தப்பிக்கலாமா என்று ஒரு கட்சி கேட்டது. 1664இல் பிரான்காச்சோ என்ற கர்தினால் ஒரு நூலே எழுதி, அதுவும் பானம்தான், நோன்பை முறிக்காது என்று வாதாடினார்.

நம் வீட்டுக் காபிக்கு இந்தத் தகராறு நன்றாகவே பொருந்தும். நம் டம்ளரில் டிகாக்‌ஷனைவிடப் பால்தான் அதிகம். பாலைப் பழைய ஒழுக்கவியல் ஆசிரியர்கள் உணவு என்றே கணக்கிட்டார்கள். காபியில் கொஞ்சம் சேர்த்துக்கொள்ள மட்டும் இடம் கொடுத்தார்கள். கொஞ்சம் என்றால் எவ்வளவு? இது தெரிந்தோ தெரியாமலோ எங்கள் பெரியவர்கள் பெரிய வெள்ளியன்று கடுங்காபியோடு நிறுத்திக்கொண்டார்கள்.

எங்கள் ஊரில் நோன்பைப் பற்றிப் பேச ஒரு மதத்தோடு நிற்க முடியாது. ஸ்ரீரங்கத்தில் எனக்கொரு தோழி. ஏகாதசியன்று அவர் வீட்டில் அரிசி ஏறாது. மறுநாள் நோன்பை முடிக்கும் துவாதசிப் பாரணைக்கு அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய் என்று ஒரு வரிசை உண்டு. ஆனால் ஏகாதசி காலையில் ஃபில்டர் வழக்கம்போல இறங்கும். தானியம்தான் விலக்கு, பாலும் பழமும் விலக்கில்லை, ஆகவே காபியும் விலக்கில்லை என்பது அவர்கள் வீட்டு வழக்கம். பச்சைத் தண்ணீர்கூடத் தொடாமல் இருப்பவர்களும் அவருடைய சொந்தத்திலேயே இருக்கிறார்கள். வார்டில் என்னோடு வேலை பார்த்த ஒரு முஸ்லிம் அக்கா, ரமலான் மாதத்தில் விடியலுக்கு முன் உண்ணும் சஹருக்குப் பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காமல், பகல் முழுக்கக் கட்டில் கட்டிலாக நடப்பார். மாலையில் பேரீச்சம்பழமும் பள்ளிவாசல் நோன்புக் கஞ்சியும். எத்தியோப்பியாவின் கிறிஸ்தவர்கள் புதனும் வெள்ளியும் ஊனும் பாலும் முட்டையும் விலக்கி நோன்பிருக்கிறார்கள். காபி பிறந்த அந்த நாட்டில் ஒரு காலத்தில் அவர்களுடைய திருச்சபை காபியையே விலக்கி வைத்திருந்தது. இன்று அவர்கள் ஜெபெனா என்னும் கழுத்து நீண்ட மண் கூஜாவில் காபி காய்ச்சி மூன்று சுற்று பரிமாறுகிறார்கள். மூன்றாவது சுற்றை ஆசீர்வாதம் என்றே அழைக்கிறார்கள்.

ஒவ்வொரு சமயமும் கோட்டை ஒவ்வோர் இடத்தில் போட்டிருக்கிறது. எங்களுக்குப் பசியில், தோழிக்குத் தானியத்தில், அக்காவுக்கு விடியலுக்கும் அந்திக்கும் நடுவில். இதில் எது சரி என்று கேட்க எனக்குத் தோன்றியதே இல்லை. கோடு இருப்பதே பெரிய உபகாரம். நாமே நமக்குக் கோடு போட்டுக்கொண்டால், பசிக்கும்போது நாமே அதை நகர்த்திவிடுவோம். நமக்கு முன்னால் வந்தவர்கள் போட்ட கோட்டை அப்படி நகர்த்த முடியாது. இருந்தாலும் எந்தக் கோட்டுக்கும் வெளியே கொஞ்சம் இடம் மிஞ்சும். சட்டம் அங்கே எதையும் கேட்பதில்லை. எங்கள் திருச்சபை காபியை அப்படி வெளியே விட்டுவைத்திருக்கிறது. விட்டுவைத்த அந்த இடத்தை என்ன செய்வது என்பதுதான் என்னை விடாமல் பிடித்திருக்கும் கேள்வி.

அந்தக் கேள்விக்கு எனக்கு முதலில் வழி காட்டியவர் என் அப்பாவைப் பெற்ற அப்பாயி, லால்குடிப் பக்கத்துக் கிராமத்துக்காரர். அவர் காலத்தில் ஃபில்டர் கிடையாது. மண்சட்டியில் தண்ணீர் கொதிக்கும்போது பொடியைப் போட்டு, இறக்கி, மூடிவைத்து, தெளிந்ததும் வெள்ளைத் துணியில் வடிகட்டுவார். வெல்லம்தான் இனிப்பு. ஞாயிற்றுக்கிழமை அந்தக் காபி பூசைக்குப் பிறகுதான். பூசையில் நன்மை, அதாவது நற்கருணை, வாங்குகிறவர்கள் நள்ளிரவிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்ற சட்டம் இருந்த காலத்தில் வளர்ந்தவர் அவர். வாய் கொப்புளிக்கும்போது ஒரு சொட்டு உள்ளே போய்விடக் கூடாதே என்று தலையைக் குனிந்தே துப்புவார். சட்டம் பிறகு மாறியது. 1953இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பயஸ் தண்ணீர் குடிக்கலாம் என்றார். 1957இல் திட உணவுக்கு 3 மணி நேரம், மது இல்லாத பானத்துக்கு 1 மணி நேரம் என்று குறைத்தார். 1964இல் ஆறாம் பவுல் எல்லாவற்றுக்கும் 1 மணி நேரம் போதும் என்றார். பூசைக்குப் புறப்படுமுன் காபி குடிக்க இப்போது எந்தத் தடையும் இல்லை. அப்பாயி மட்டும் சாகும்வரை பழையபடியே இருந்தார். "சாமியாரே குடிக்கலாம்னு சொல்றாரே அப்பாயி" என்று நான் கேட்டபோது, "அவர் நல்லதுக்குத்தான் சொல்றாரு. எனக்கு ஆண்டவரை வாங்குறதுக்கு முன்னாடி வேற ருசி வேணாம்" என்றார்.

அவர் யாரையும் குறை சொல்லவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் காபி குடித்துவிட்டு நன்மை வாங்கினால் முகம் சுளிக்கவும் இல்லை. சட்டம் தளர்ந்த இடத்தில், தளராமல் இருக்கத் தனக்கு விருப்பம் என்றார், அவ்வளவுதான். அந்தப் பதிலில் ஒரு முழு இறையியல் இருப்பதை வளர்ந்த பிறகுதான் பார்க்கிறேன். கட்டளை இருந்தவரை அவர் செய்தது கீழ்ப்படிதல். கட்டளை போன பிறகு செய்தது அன்பு. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே செயல்தான்.

அம்மா மருமகளாக வந்தபோது சீரோடு ஃபில்டரும் வந்தது. பித்தளை, உள்ளே ஈயம் பூசியது. பூச்சு தேய்ந்தால் ஈயம் பூசுகிறவர் தெருவுக்கு வரும்வரை அதைத் தொட மாட்டார்கள். என் கைக்கு வந்தது எவர்சில்வர். உலோகம் மாறியதே தவிர வேலை மாறவில்லை. அதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன், என் வாதம் அதில்தான் இருக்கிறது.

இரவு பாத்திரமெல்லாம் கழுவி, அடுப்பைத் துடைத்த பிறகு ஃபில்டரை எடுப்பேன். மேல் பாத்திரத்தை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து அடியைப் பார்ப்பேன். ஓட்டைகள் எல்லாம் வெளிச்சப் புள்ளிகளாகத் தெரிய வேண்டும். பழைய பொடி அடைத்திருந்தால் தீயில் காட்டிச் சுட்டு, தட்டி, மறுபடி கழுவ வேண்டும். இல்லையென்றால் விடிந்தாலும் டிகாக்‌ஷன் இறங்காது. ஈரம் போகத் துடைத்த பிறகுதான் பொடி. குவித்துப் போட்டு, கரண்டியின் பின்பக்கத்தால் சமன் செய்து, காம்பு வைத்த தட்டை அதன்மேல் வைப்பேன். ஓங்கி அழுத்தினால் தண்ணீர் மேலேயே நின்றுவிடும். அழுத்தாமல் விட்டால் பொடியைக் கலைத்துக்கொண்டு வெளிறிப்போய் ஓடிவிடும். எவ்வளவு அழுத்தம் என்பது பொடியைப் பொறுத்தது. சிக்கரி கலந்த பொடி தண்ணீரை நன்றாக வாங்கி வைத்துக்கொள்ளும். தனிக் கொட்டைப் பொடியில் அது சீக்கிரம் இறங்கிவிடும். கொதித்த தண்ணீரைத் தட்டின்மேல் சுற்றி ஊற்றினால் ஓரத்தில் குமிழ் விட்டுப் பொடி உப்பும். மூடியைப் போட்டுவிட்டு விளக்கை அணைப்பேன். இரவு முழுக்க அது தானே சொட்டிக்கொண்டிருக்கும்.

பேத்தி பெங்களூரில் இருக்கிறாள். அவளிடம் இத்தாலிக்காரர்களின் மோக்கா பாத்திரம் இருக்கிறது, 1933இல் அல்ஃபோன்சோ பியலெட்டி கொண்டுவந்தது. அடியில் தண்ணீர், நடுவில் பொடி; அடுப்பில் வைத்தால் ஆவியின் அழுத்தம் தண்ணீரைப் பொடி வழியாக மேலே தள்ளும். ஐந்தாறு நிமிடத்தில் காபி தயார். காகித வடிகட்டியும் வைத்திருக்கிறாள். அது ஜெர்மனியில் மெலிட்டா பென்ட்ஸ் என்ற இல்லத்தரசி 1908இல், பிள்ளையின் நோட்டிலிருந்து மை ஒற்றும் தாளைக் கிழித்து, அடியில் துளையிட்ட பாத்திரத்தில் வைத்துக் கண்டுபிடித்த முறை. அவள் வீட்டில் காபி ஆசை காலையில் பிறந்து காலையிலேயே தீர்ந்துவிடும். நம் ஃபில்டர் அப்படி இல்லை. அது முந்தின இரவே நம்மிடம் வேலை வாங்குகிறது. நாளை என்ற ஒன்றுக்காக நான் இன்று செய்யும் கடைசிக் காரியம் பொடி போடுவது. கண் விழித்ததும் முதலில் எண்ணம் போகிற இடமும் அதுவே. படுக்கப் போகும்போதும் எழும்போதும் ஜெபம் செய்ய வேண்டும் என்று சின்ன வயதில் ஞானோபதேசத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த இரண்டு நேரத்தையும் என் வீட்டில் காபி எடுத்துக்கொண்டிருந்தது.

இதைக் காபியின் குற்றம் என்று நான் சொல்ல மாட்டேன். காபி நல்லது. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் சாம்பல் புதனில் தொடங்கும் தவக்காலத்தில் எதையாவது விடுகிறவர்கள் அதைக் கெட்டது என்று பேசத் தொடங்கிவிடுகிறார்கள். 15ஆம் நூற்றாண்டில் ஏமனின் சூஃபிகள் இரவெல்லாம் விழித்து இறைவன் பெயரைச் சொல்லக் காபியைத் துணையாக வைத்துக்கொண்டார்கள். வாரத்தில் இரண்டு இரவுகள் பெரிய சிவந்த களிமண் பாத்திரத்தில் காபியை வைத்து, தலைவர் சின்ன அகப்பையால் மொண்டு மொண்டு கொடுக்க, அது வலப்பக்கமாகக் கைமாறிப் போகும். கூடவே திக்ர் என்னும் இறைநாம ஜெபம் ஒலிக்கும் என்று 16ஆம் நூற்றாண்டில் அல்-ஜசீரி எழுதியிருக்கிறார். 1511இல் மெக்காவில் காபியைத் தடைசெய்து பார்த்தார்கள், தடை நிலைக்கவில்லை. நம் நாட்டுக்குக் காபிச் செடி வந்த கதையும் மெக்கா போய்த் திரும்பிய பாபா புடன் என்ற சூஃபி ஏழு கொட்டைகளைச் சிக்மகளூர் மலைக்குக் கொண்டுவந்தார் என்றுதான் சொல்லப்படுகிறது. ஆக, நம் டம்ளரில் இருப்பது ஒரு காலத்தில் ஜெபத்தின் பானமாக இருந்தது.

அந்த சூஃபிகளை எனக்கு நன்றாகப் புரியும். இரவுப் பணியில் அதிகாலை மூன்று மணி என்று ஒரு நேரம் வரும். வார்டு முழுக்க உறங்கும், கண் தானாக மூடும், அந்த நேரம் பார்த்துத்தான் ஏதாவது ஒரு கட்டிலில் மூச்சு மாறும். வீட்டிலிருந்து பிளாஸ்க்கில் கொண்டுபோன காபி அப்போது கைகொடுக்கும். விழித்திருப்பதற்கு உதவுகிற எதுவும் எனக்குப் புனிதமாகவே பட்டிருக்கிறது.

அப்படியானால் நல்லதை ஏன் விட வேண்டும்? என் பதில் இது. கெட்டதை விடுவதற்குப் பெயர் திருந்துவது. அதை எந்த நாளிலும் செய்ய வேண்டும், சாம்பல் புதனுக்காகக் காத்திருக்கக் கூடாது. என்றைக்கும் வேண்டாம் என்று ஒன்றை ஒதுக்கிவைப்பதும் வேறு. அமெரிக்காவில் மார்மன் சபையினர் 1833இல் தங்கள் நிறுவனர் தந்த அறிவுரையை வைத்து இன்றுவரை காபியும் தேநீரும் குடிப்பதில்லை. அது அவர்களுடைய வாழ்க்கை முறை. நோன்பு இந்த இரண்டிலும் சேராது. நல்லது என்று தெரிந்த ஒன்றை, மறுபடி கைக்கு வரும் என்று தெரிந்தே, கொஞ்ச காலம் கொடுத்தவர் கையில் திருப்பி வைப்பது நோன்பு. கடவுளுக்குக் கொடுக்க என்னிடம் கெட்டதா இருக்க வேண்டும்? வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு நல்ல டம்ளரில்தானே ஊற்றித் தருகிறோம்?

சட்டம் காபியைத் தொடாமல் விட்டதன் அருமை இங்கேதான் தெரிகிறது. கறியை நான் விடுவது கடமை. அதில் என் மனம் எவ்வளவு, பயம் எவ்வளவு என்று எனக்கே தெரியாது. காபியை யாரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்காத இடத்தில் கொடுப்பதில்தான் கொடுத்தவளின் விருப்பம் கலப்பில்லாமல் இருக்கிறது. அப்பாயி எனக்குக் காட்டிய வழி அது.

செவிலியராக ஒன்று சொல்ல வேண்டும். தினமும் காபி குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால் தலை வலிக்கும். நிறுத்திய 12 மணி முதல் 24 மணி நேரத்துக்குள் தொடங்கி, இரண்டாம் நாள் வாக்கில் உச்சத்துக்குப் போய், சிலருக்கு ஒன்பது நாள் வரை இருக்கும். சோர்வும் எரிச்சலும் கூட வரும். மூளையில் களைப்பைச் சொல்லும் ஒரு வேதிப்பொருளின் இடத்தைக் காஃபின் அடைத்துக்கொண்டிருந்தது. அது விலகியதும் உடம்பு புதுக் கணக்குக்குப் பழக நாள் பிடிக்கிறது. சாம்பல் புதன் மாலையில் வருகிற இந்த வலியைச் சிலர் ஆன்மிக அனுபவம் என்று நினைக்கிறார்கள். "வலியை ஒப்புக்கொடுத்தேன்" என்கிறார்கள். வலி வெறும் வேதியியல். நாத்திகர் நிறுத்தினாலும் இதே தலைவலி இதே நேரத்தில் வரும். அதில் புண்ணியம் ஏதும் இல்லை.

அந்தத் தலைவலியோடு நான் மருமகளிடம் எப்படிப் பேசுகிறேன் என்பதில்தான் நோன்பு தொடங்குகிறது. நோன்பிருக்கும்போது முகத்தைக் கழுவி, தலைக்கு எண்ணெய் தடவி, பிறருக்குத் தெரியாமல் இருங்கள் என்று இயேசு கேட்டுக்கொண்டதைச் சாம்பல் புதன் பூசையில் வாசிக்கிறோம். என் எரிச்சலை வீட்டார் சுமந்தால், நான் விட்ட காபிக்கு அவர்கள் விலை கொடுக்கிறார்கள். அதனால் பதினைந்து நாளுக்கு முன்பிருந்தே அளவைக் குறைத்துக்கொண்டு வாருங்கள் என்றுதான் கேட்பவர்களுக்குச் சொல்வேன். வலி குறைந்தால் நோன்பின் மதிப்பு குறைந்துவிடாது. இரவுப் பணி பார்த்த ஆண்டுகளில் நான் காபியை விட்டதே இல்லை. மருந்தின் அளவைப் பார்க்கிற கண் அரைத் தூக்கத்தில் இருந்தால் அதன் செலவு கட்டிலில் கிடப்பவர் தலையில் விழும். அந்த ஆண்டுகளில் வேறு எதையாவது விட்டேன்.

நோன்பின் செலவை யார் ஏற்கிறார்கள் என்ற கேள்வியை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் எசாயா இறைவாக்கினர். அவருடைய நூலின் 58ஆம் அதிகாரத்தை சாம்பல் புதனுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை வாசிப்பார்கள். நோன்பு நாளிலும் தங்கள் வேலையாட்களை வாட்டுகிறவர்களைப் பார்த்து அவர் கோபப்படுகிறார். நுகத்தை உடைப்பதும் பசித்தவரோடு பகிர்வதுமே கடவுள் விரும்பும் நோன்பு என்கிறார். அதைக் கேட்கும்போதெல்லாம் என் எண்ணம் காபி மலைகளுக்குப் போகும். 19ஆம் நூற்றாண்டில் இலங்கையின் கண்டி மலைகளில் வெள்ளைக்காரர்கள் காபித் தோட்டம் போட்டபோது, எங்கள் திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சைப் பக்கத்து ஏழைகள்தான் கடல் கடந்து, மன்னார்க் காட்டு வழியே நடந்துபோய் அங்கே உழைத்தார்கள். காலராவிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். 1869இல் இலைத்துரு நோய் கண்டு அந்தக் காபி அழிந்து, தேயிலை வந்தது. உழைத்தவர்களின் பாடு மாறவில்லை. இன்று என் ஃபில்டரில் இறங்குவது குடகுக் கொட்டை. அதில் ஊற்றும் தண்ணீர் காவிரி, அதுவும் குடகில் பிறந்ததுதான். தவக்காலம் வருகிற பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரைதான் அந்த மலைகளில் கோடை மழை விழுந்து காபி வெள்ளையாகப் பூக்கிறது. களை எடுத்து, பழம் பறித்து, முதுகில் மூட்டை சுமக்கிற கைகளை ஒருமுறைகூட எண்ணிப் பார்க்காமல் ஆண்டு முழுவதும் குடித்துவிட்டு, தவக்காலத்தில் மட்டும் நிறுத்துவதை எசாயா நோன்பு என்று ஒப்புக்கொள்வாரா? மிச்சமாகும் காபிப் பொடிக் காசு தவக்கால உண்டியலுக்குப் போக வேண்டும் என்பதில் நான் கண்டிப்பாக இருப்பது அதனால்தான். விட்டதன் பயன் வேறொருவர் கைக்குப் போய்ச் சேராவிட்டால், அது என் உடம்புக்கு நான் செய்துகொண்ட வைத்தியமாக நின்றுவிடும்.

நான் விடுகிறேன் என்பதற்காக வீட்டில் ஃபில்டர் நிற்பதில்லை. மாமியார் உயிரோடு இருந்தவரை காலை ஐந்து மணிக்கு அவருக்குக் காபி வேண்டும். தவக்காலத்திலும் நான்தான் போடுவேன். பால் பொங்கி வரும்போது தீயைக் குறைத்து, சூடான பாலில் டிகாக்‌ஷனை விட்டு, டபராவுக்கும் டம்ளருக்குமாக இரண்டு ஆற்று ஆற்றுவேன். நுரையோடு மணம் முகத்தில் ஏறும். ருசி பார்க்க மாட்டேன். "சர்க்கரை சரியா இருக்கா அத்தை?" என்று கேட்டால், "நீ குடிக்காட்டி என்ன, உன் கைக்கு அளவு தெரியும்" என்பார். மற்ற நாட்களில் என் டம்ளரையும் ஊற்றிக்கொண்டு வேறு வேலைக்குத் திரும்பிவிடுவேன். தவக்காலத்தில் மட்டும் அவர் குடிப்பதை நின்று பார்ப்பேன். டம்ளரை முதலில் கன்னத்தில் வைத்துச் சூடு பார்ப்பார். முதல் மடக்குக்குக் கண்ணை மூடுவார். கடைசி மடக்கை டபராவில் ஊற்றி ஆறவைத்துக் குடிப்பார். ஆண்டுக்கணக்காக என் எதிரே நடந்ததை நான் குடிக்காதபோதுதான் பார்த்தேன். என் சந்தோஷம் எங்கும் போய்விடவில்லை, இன்னொருவருடையதாக மாறியிருந்தது. துறவு என்றால் வறட்சி என்று நினைப்பவர்களுக்கு இதை நான் சொல்வதுண்டு.

காபிக்குப் பதில் சுக்குக் காபியோ மல்லிக் காபியோ குடிக்கலாமே என்று கேட்பார்கள். உடம்புக்கு நல்லதுதான். ஆனால் விட்ட இடத்தை உடனே இன்னொன்றால் நிரப்பினால், அந்த இடம் எவ்வளவு பெரியது என்று தெரியாமலே போய்விடும். நான் வெந்நீர் குடித்துவிட்டு அந்த நேரத்தைச் சும்மா விட்டுவிடுவேன். அதில் சில நாள் ஜெபம் வரும், சில நாள் வெறும் ஏக்கம் வரும். ஏக்கத்தையும் அப்படியே உட்காரவைப்பேன். எனக்கு வேண்டியது கிடைக்காத பொழுதில் நான் யார் என்பது அப்போதுதான் தெரியவருகிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் குடிப்பேன். சாம்பல் புதனிலிருந்து பெரிய சனி வரை எண்ணினால் 46 நாள் வரும். அதில் 6 ஞாயிறு. ஞாயிறு உயிர்ப்பின் நாள் என்பதால் அதை நோன்பில் சேர்ப்பதில்லை, மிச்சம்தான் 40. இந்தக் கணக்கைச் சலுகை என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அது நோன்பின் மறுபாதி. ஆறு நாள் விட்டதை ஏழாம் நாள் நன்றியோடு வாங்கிக்கொள்ளத் தெரியாதவர், விட்டதை வெறுக்கத் தொடங்கிவிடுவார். படைப்பை வெறுப்பவர் படைத்தவரை எப்படிப் புகழ முடியும்? ஞாயிறு காபியை நான் நின்றுகொண்டு குடிப்பதில்லை. உட்கார்ந்து, வேறு எதுவும் செய்யாமல் குடிக்கிறேன்.

ஆக, காபி குடித்தால் ஒருசந்தி முறியாது. முதியவர்கள், நோயாளிகள், கர்ப்பிணிகள், இரவு வேலைக்காரர்கள் இதற்காக மனம் நோகவே வேண்டாம். மற்றவர்களும் காபியைத்தான் விட வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. என் மகனுக்கு அது கைபேசியாக இருக்கலாம். பேச்சில் கடைசி வார்த்தை தன்னுடையதாகவே இருக்க வேண்டும் என்கிற பழக்கமாகவும் சிலருக்கு இருக்கலாம். ஆனால் பழக்கத்தை விடுவதும் திருந்துவதும் ஒன்றாகிவிடாதபடி ஒவ்வொருவரும் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். நான் என்னையே கேட்டுக்கொள்வது மூன்று கேள்விகள். விடுவது எனக்கு உண்மையிலேயே நல்லதாக, அருமையானதாக இருக்கிறதா? அதன் வலியை நான் மட்டும் தாங்குகிறேனா, வீட்டாரும் தாங்குகிறார்களா? அதனால் வேறொருவருக்கு ஏதாவது கிடைக்கிறதா? இந்த மூன்றுக்கும் சரியான பதில் இருந்தால் ஒரு டம்ளர் காபியை விடுவதே முழு நோன்பு. இல்லாவிட்டால் 40 நாளும் பட்டினி கிடந்தாலும் மிஞ்சுவது பசி மட்டும்தான்.